கயல்விழி ராணுவத்துக்குப் போய்விட்டாள், மச்சான்

என் ஆசை மச்சான் செல்வராசுக்கு,

நீ போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ ராணுவத்தில் இருந்தபோதும் உன் கடிதம் பத்து வந்தால் நான் ஒன்று போடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை என்று வைத்துக்கொள். இப்போது எழுதியே ஆக வேண்டிய சங்கதி வந்துவிட்டது. உன் மகள் கயல்விழி சென்னையில் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். சிப்பாயாகப் போய் ஹவில்தாராகத் திரும்பிய உன் வீட்டிலிருந்து ஓர் அதிகாரி. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? துள்ளிக் குதித்திருக்க மாட்டாய். மூக்கு நுனியைத் தேய்த்துக்கொண்டு "ம், சரி" என்றிருப்பாய். உன் சந்தோஷம் எப்போதும் அவ்வளவுதான்.

ஆனால் அவள் நேராகப் போய்விடவில்லை. நடுவில் மூன்று வாரம் உன் வீடும் என் வீடும் தவித்துப் போயின. அந்த மூன்று வாரத்தில்தான், உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை நான் வெளியே சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்க வழியில்லாமல் சொன்னேன். அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நம் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்கள் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம். குன்னத்தை அடுத்த மானாவாரி ஊரில் ஒரே தெருவில் பிறந்தவர்கள் நாம். உன் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார்கள், வெங்காயம் பிடுங்கினார்கள். நம் தெருவில் யாருக்கும் கையகல நிலம் கிடையாது. நமக்குள் ரத்த உறவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நீ என்னை மாப்ள என்றாய், நான் உன்னை மச்சான் என்றேன். அது அப்படியே நிலைத்துவிட்டது. உன் மகளுக்கு நான் மாமன் ஆனது அந்த வழியில்தான்.

பத்தொன்பது வயதில், திருச்சியில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாலு மாதம் குன்னம் ரோட்டில் ஓடினோம். நீ எனக்கு முன்னால் ஓட மாட்டாய். வேண்டுமென்றே அரையடி பின்னால் வருவாய், நான் நிற்காமல் இருக்க. ஓட்டத்தில் தேறினோம், உடம்புப் பரிசோதனையிலும் தேறினோம். ஆமாம், இரண்டு பேருமே தேறினோம். இதுதான் நான் உடைத்த விஷயத்தின் முதல் பாதி.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அரியலூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு ஒரு ஜவானின் உடல் வந்தது. சைக்கிளில் போய்ப் பார்த்தோம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா பெட்டியின் மேல் கையை வைத்து மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி. திரும்பி வரும் வழியெல்லாம் நீ அழுதாய். நான் அழவில்லை. அதனால் நான்தான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சி ஜங்ஷனில் நம்மை அழைத்துப் போக வந்த சுபேதார் பெயர்களை வாசித்தார். உன் பெயருக்கு அடுத்து என் பெயர். உன் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு உன் மடியில் இருந்தது. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று நான் இறங்கினேன். பாட்டில் நிறைந்துவிட்டது. கால்தான் ரயில் பக்கம் திரும்பவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் கண்ணை விட்டு மறைந்த பிறகும் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

ஊருக்கு வந்து பத்து நாள் யாரிடமும் வாய் திறக்காமல் வீட்டில் கிடந்தேன். அம்மா கேட்டாள், அப்பா அடிக்கவே வந்தார். பத்தாம் நாள் உன்னிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. உன் அப்பாவுக்கு வந்ததை டீக்கடையில் வைத்து உரக்கப் படித்தார்கள். அதில், "கலியபெருமாளுக்குக் காது சரியில்லை என்று கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவன் மனசு உடைந்துபோயிருப்பான், யாரும் ஏதும் கேட்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். எனக்கு வந்தது சின்னக் கடிதம். எழுதிய மாதிரியே இங்கே தருகிறேன்.

"மாப்ள, நீ தூணுக்குப் பின்னால நின்னதப் பாத்தேன். கூப்பிட்டா வந்துருப்ப. அதான் கூப்பிடல. அப்பாவுக்குக் காதுன்னு எழுதிருக்கேன். எந்தக் காதுன்னு யாராச்சும் கேட்டா எடதுன்னு சொல்லு. ஒழுங்கா சாப்புடு."

கோபமாக ஒரு சொல் இல்லை. பத்தொன்பது வயதுப் பையன், முதல் முறையாக ஊரை விட்டுப் போனவன், மொழி தெரியாத இடத்தில் மொட்டை அடித்து நிறுத்தப்பட்டவன், உட்கார்ந்து முதலில் யோசித்தது என் மானத்தைப் பற்றி. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் அந்தப் பையன் அளவுக்கு நான் வளரவில்லை, மச்சான்.

அந்தக் காது பட்ட பாடு உனக்கே தெரியும். அன்றிலிருந்து ஊரே என் வலப்பக்கம் வந்து நின்று பேசியது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அஞ்சலையின் அப்பா என் இடது காதில் ரகசியமாக ஏதோ சொல்லிச் சோதித்துப் பார்த்தார். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். "பரவால்ல, ஒரு காது போதும்" என்று பெண் கொடுத்தார். நீ விடுமுறையில் வந்தால், நாலு பேர் முன்னால் நீயும் வலப்பக்கமாகவே வந்து நிற்பாய். தனியாக இருக்கும்போது மட்டும் இடப்பக்கம் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவாய். ஒரு நாள்கூட அதை வைத்து நீ என்னைக் கேலி செய்ததில்லை. கேலி செய்ய எவ்வளவு இடம் இருந்தது!

நம் தெருவில் முதல் அரசாங்க உடுப்பு உன்னுடையது. 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் 'வாப்பா' என்றார்கள். நீ அதை வைத்து நெஞ்சு நிமிர்த்தி நடக்கவில்லை. எத்தனை பேரைச் சுட்டாய் என்று டீக்கடையில் கேட்டால், "பாலம் போட்டேங்க" என்பாய். உண்மையும் அதுதான். பொறியாளர் பிரிவில் இருபத்துநாலு வருஷம் ஆறுகளுக்கு மேல் இரும்புப் பாலம் பூட்டினாய். பனியில் உன் வலக்கைக் கட்டைவிரல் மரத்துப்போனது. ஓய்வு பெற்று வந்து பெரம்பலூரில் ஒரு பேங்கில் காவலுக்கு நின்றாய். லீவு நாளில் என் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வந்து, எரிந்துபோன கம்பிகளை அந்த உணர்ச்சியில்லாத விரலால் பிடித்து இழுத்துப் போடுவாய். "இது ஒண்ணுக்காச்சும் ஒதவுதே" என்பாய்.

ஊரில் பாதிப் பேர் உன்னிடம் கேண்டீன் சரக்குக் கேட்டார்கள். நீ பிரஷர் குக்கர் வாங்கித் தந்தாய். வீட்டுக்கு ஒரு குக்கர் என்று நம் தெருவில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது உன்னால். பிறகு ஒரு ஏக்கர் காடு வாங்கினாய். நம் அப்பன்மார் கூலிக்குக் குனிந்த அதே காட்டில் ஒரு ஏக்கர். பத்திரம் முடிந்த அன்று உன் அப்பாவைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போய் வரப்பில் நிறுத்தினாய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி நடந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியதில் பாதி உன்னை நினைத்து, பாதி என்னை நினைத்து.

பேங்க் வாசலில் ஒரு மத்தியானம் உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை இங்கே விரிக்க எனக்குத் தெம்பில்லை.

இனி கயல்விழி கதை.

பெரம்பலூர்க் கல்லூரியில் கணக்குப் படிக்கும்போதே என்சிசியில் சேர்ந்தாள், அது உனக்குத் தெரியும். நீ போன பிறகு அதில் கடைசிச் சான்றிதழும் வாங்கினாள். அது இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக அதிகாரித் தேர்வுக்குப் போகலாமாம். பெங்களூரில் ஐந்து நாள் வைத்துச் சோதித்தார்கள். கூடப் போனவர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு இவளை வைத்துக்கொண்டார்கள். உடம்புப் பரிசோதனையும் முடிந்தது. சேரச் சொல்லிக் கடிதம் வந்த அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. அவள் எப்போதோ எழுதிய அரசுத் தேர்வில் தேறி, குன்னம் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை. வீட்டிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம்.

தனலட்சுமி என்ன நினைத்திருப்பாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ வரும் தேதியை எண்ணிக்கொண்டே வாழ்ந்தவள். நீ நிரந்தரமாக வந்து சேர்ந்து, மனுஷி நிமிர்ந்து உட்காருவதற்குள் போய்விட்டாய். இப்போது ஒற்றைப் பிள்ளை. அவள் சும்மா அழுது தடுக்கவில்லை. பெரம்பலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கே போய் விசாரித்துவிட்டு என் கடைக்கு வந்தாள். வழக்கம் போல என் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"டெரிட்டோரியல் ஆர்மின்னு ஒண்ணு இருக்காம்ண்ணே. கெவுருமெண்டு வேலைல இருந்துக்கிட்டே அதுல சேரலாமாம். வருசத்துல கொஞ்ச நாளு போயி பயிற்சி, கூப்புட்டா மட்டும் போவணும். நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் எழுதலாம்ங்கறாங்க. வேலையும் இருக்கும், உடுப்பும் இருக்கும், பொண்ணும் இருக்கும். நீங்க சொன்னா கேப்பாண்ணே."

அவள் சொன்னதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. நீயே அந்த டெரிட்டோரியல் ஆட்களைப் பற்றி ஒருமுறை சொல்லியிருக்கிறாய். வடகிழக்கில் வெள்ளம் வந்தபோது பாலம் பூட்ட உன் பிரிவோடு அவர்களும் வந்தார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இடுப்பளவுத் தண்ணீரில் வடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாராம். "அவங்கள அரப் பட்டாளம்னு சிரிப்பாங்க மாப்ள. ஆனா அவங்களுக்கு ரெண்டு கடம, நமக்கு ஒண்ணுதான்" என்றாய். அதனால் பேசிப் பார்க்கிறேன் என்று தனத்திடம் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் உன் காட்டுக்குப் போனேன். மக்காச்சோளம் முற்றியிருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் கயல் தானே கதிர் ஒடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் ஒடிக்க ஆரம்பித்தேன். வாத்தியார் கதையைச் சொன்னேன், அம்மாவின் தனிமையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு சாதாரணமாக, கதிரை ஒடித்துப் போட்டபடியே கேட்டாள்.

"ஒங்கள காதுன்னு தள்ளாம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்களா மாமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த 'ஆமாம்' எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையை முடிவு செய்ய என்னிடம் கேட்கிறது. பொய்யான தராசைக் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எனக்குக் காதுல ஒண்ணும் இல்லம்மா. ரெண்டும் நல்லாத்தான் கேக்கும்" என்றேன். "எடுத்துட்டாங்க. நாந்தான் போவல. பயந்துட்டேன்."

பெட்டியைத் தட்டிய அந்த அம்மாவிலிருந்து தூண் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முடித்ததும் அவள் திரும்பி வரிசையின் கோடி வரை ஒடித்துக்கொண்டே போனாள். இனி என்னை மாமா என்று கூப்பிட மாட்டாளோ என்றிருந்தது. அடுத்த வரிசையில் திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"அப்பா பாத்தாரா?"

"பாத்துட்டாரு."

"கூப்புடலியா?"

"கூப்பிட்டா நான் வந்துருவேன்னு கூப்புடல. அப்புடித்தான் எழுதியிருந்தாரு."

சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள், மச்சான். பெங்களூரிலிருந்து வந்த நாள் முதல் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்பாவைப் போலவே தைரியம் என்கிறார்கள். கல்லூரியில் பாராட்டு, தெருமுனையில் பேனர், அதில் உன் படமும் அவள் படமும். அவளுக்கோ உள்ளுக்குள் நடுக்கம். அதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அப்படியானால் போகாதே என்பாள். மற்றவர்களிடம் சொன்னால் உன் பெயர் கெட்டுவிடும்.

"நான் அப்பாவுக்காகப் போறனா, எனக்காகப் போறனான்னே தெரியல மாமா. பயமா இருக்கு. ஒங்களுக்கு அந்த பயம் எப்ப போச்சு?"

"போவலம்மா. அதோடயேதான் கல்யாணம் பண்ணேன், கட வச்சேன், பிள்ளைங்கள வளத்தேன்."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. எனக்கு அந்த அருகதை இல்லை என்பதற்காக மட்டுமல்ல. நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். மகளுக்குத் தெரிந்தது தாய்க்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. போகும் முன் அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப எங்கப்பா அன்னைக்குக் காதுல சொன்னது கேட்டுதா?" என்றாள். கேட்டது என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டாள். "மாப்பிள்ளைக்குக் கருப்பட்டி மூஞ்சின்னாரு" என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

தனம் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தன வருசமா ஒங்க வலது பக்கமா வந்து நின்னு கத்திருக்கேன்ணே" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. பாதியில் அது வேறாக மாறிவிட்டது. "எங்கிட்டகூட சொல்லல பாருங்க அந்த மனுசன். கல்யாணம் ஆயி பதினேழு வருசம் காயிதம் போட்டாரு எனக்கு, ஒரு வரில இல்ல."

நீ அவளை நம்பாமல் இல்லை என்று நான்தான் சொன்னேன். அது என்னுடைய ரகசியம், அதைத் திறக்க வேண்டியவன் நான், அதனால்தான் நீ பூட்டியே வைத்திருந்தாய் என்றேன். சரியாகத்தான் சொன்னேனா, மச்சான்? வேறு காரணம் ஏதும் இருந்ததா? இனி யாரிடம் கேட்பேன்?

தனம் அதற்குப் பிறகு இரண்டு நாள் கயலிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் அங்கே இருக்கும்போது, அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டே மகளிடம் சொன்னாள்.

"ஒங்கப்பா உசுரான கூட்டாளியவே கூப்புட்டு ஏத்தல. பிடிச்சும் இழுக்கல. நானும் ஒன்னய பிடிச்சி வைக்க மாட்டேன். நீயே யோசிச்சிக்க. ஆனா நீ போனா நான் அழுவேன். அழாதம்மான்னு மட்டும் சொல்லாத."

நான் இவ்வளவு நாளும் உன்னைத்தான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்திருந்தேன். உன் வீட்டில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

கயல் அவசரப்படவில்லை. அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது. ஒரு நாள் குன்னம் தாலுகா ஆபீஸுக்குப் போய் வாசல் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தாள். பட்டா பெயர் மாற்ற வந்த ஒரு பெரியவருக்கு அங்கே ஒரு பெண் கிளார்க் பொறுமையாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு வந்து, "அதுவும் நல்ல வேலதான் மாமா, சும்மா சொல்லக்கூடாது" என்றாள். இன்னொரு நாள், டெரிட்டோரியல் ஆர்மியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்து அரியலூருக்கே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவர் தன் இரண்டு வாழ்க்கையையும் மறைக்காமல் சொன்னாராம். எதையும் அவள் இளக்காரமாக எண்ணவில்லை. மூன்று வழியையும் நடந்து பார்த்தாள்.

பிறகு என் கடைக்கு வந்தாள். இப்போதெல்லாம் அவள் என் இடப்பக்கம்தான் உட்காருகிறாள்.

"போறேன் மாமா. டெரிட்டோரியல் இன்னும் இருவது வருசம் காத்திருக்கும், இது இன்னும் ரெண்டு வருசத்துல வயசாயிடும். அது மட்டும் இல்ல. அப்பா படத்த ஒதுக்கி வச்சிட்டுப் பாத்தாலும் எனக்கு அந்த எடம் புடிச்சிருக்கு. பெங்களூர்ல அந்த அஞ்சு நாளு நான் நானா இருந்தேன். பயம் இருக்கு. இருக்கட்டும்."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைத் தேய்க்காமல், உன்னைப் போல 'ம், சரி' என்று சொல்லாமல், வாய்விட்டே சிரித்தேன். உன் பங்குக்கும் சேர்த்து.

ஊரிலும் விஷயம் பரவிவிட்டது. டீக்கடையில் ஒருவர், "அப்ப முப்பது வருசமா எங்கள ஏமாத்திருக்க" என்றார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்ல? பேனர் வைத்த பையன்கள் ஒரு வாரம் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அது இரண்டு காதிலும் கேட்டது. வலித்ததுதான். ஆனால் ராணுவத் தேர்வுக்கு ஓடுகிற ஒரு பையன், தாயில்லாதவன், கடைக்கு வந்து மோட்டாரைப் பார்ப்பது போல் நின்றுவிட்டு, "பயமா இருந்தா போவாம இருக்கலாமாண்ணே?" என்று கேட்டான். இருக்கலாம், ஆனால் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். என் தோல்வி ஒருவனுக்காவது வேலைக்கு ஆகட்டும்.

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் கிளம்பினோம், கயலும் தனமும் நானும் அஞ்சலையும். பெட்டியை அவளே தூக்கினாள், எங்கள் ஒருவரையும் தொட விடவில்லை. பரங்கிமலையில் பயிற்சிக்கூடத்தின் கேட் வரைதான் எங்களுக்கு அனுமதி. தனம் சொன்ன மாதிரியே அழுதாள். கயலும் அம்மா கேட்ட மாதிரியே அழாதே என்று சொல்லவில்லை, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் சரிபார்த்து உள்ளே அனுப்பினார்கள். நேராக நடந்து போனாள். அவள் மறைந்த பிறகு தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காவலுக்கு நின்ற ஜவானிடம் காலையில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று விசாரித்தாள். அவன் தென்காசிக்காரப் பையன். முட்டை உண்டும்மா, வயிறு நிறையப் போடுவாங்க என்றான். அந்த ஒரு பதிலில் தனத்துக்கு ஊர் வந்து சேரும் வரை தெம்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. முழங்கால் சிராய்த்துவிட்டதாம், குரல் கட்டியிருந்தது. ஓட்டத்தில் கடைசியிலிருந்து நாலாவது ஆளாக வந்தாளாம். அதை மறைக்காமல் சொன்னாள். இன்னும் ஒரு வருஷம் போல இந்தப் பாடு படவேண்டும் என்றாள். தனம் முழங்காலுக்கு என்ன போட்டாய் என்று மட்டும் கேட்டாள். நான் போனை வாங்கி, பக்கத்தில் ஓடுகிற பிள்ளை யார் என்று கேட்டேன். பஞ்சாப்காரப் பெண்ணாம். இவளுக்கு முன்னால் போக முடியும், ஆனாலும் கூடவே ஓடுகிறதாம். நல்லது, அந்தப் பிள்ளையை விட்டுவிடாதே என்றேன்.

மச்சான், உனக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரம் குத்தும் நாளில் தனத்தைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே இருப்பேன். அது சுலபமான வாக்கு, யார் வேண்டுமானாலும் தருவார்கள். இன்னொன்று இருக்கிறது. நாளைக்கோ, ஆறு மாதத்திலோ, என்னால் முடியவில்லை மாமா என்று அவள் பெட்டியோடு திரும்பி வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் முதல் ஆளாக நான் நிற்பேன். அவளுக்கு எந்தப் பொய்யும் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வேன். ஏன் வந்தாய் என்று இந்த ஊரில் ஒரு வாய் கேட்காது. கேட்டால், பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

உன் மாப்ள, கயல்விழியின் மாமன்,
கலியபெருமாள்